கோலும் தடியும்

‘கண்டக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நம்மவருள் மூவரிடம் சொல்லிப் பார்ப்போமாயின், மூவரும் மூன்று வெவ்வேறு மனிதரை நினைப்பர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தரை நினைப்பார். சிங்கப்பூர்ப் பட்டினத்து முதியவர், தோளிற் பை தொங்கச் சீட்டுக் கிழித்துக் கொடுத்த பஸ்காரரை நினைப்பார். 1905 முதல் 1927 வரை கேலாங் வழியே ஓடிய டிராம் வண்டிகளிலும், பின்வந்த பஸ்களிலும் இருந்த அவ்வுத்தியோகம் 1980-களில் மறைந்து போயிற்று. மூன்றாமவர் சங்கீதப் பழக்கமுள்ளவராயின், பாண்டு வாத்தியக் கோஷ்டிக்கு முன்னின்று கையிலுள்ள சிறு கோலை அசைப்பவரை நினைப்பார். இம்மூன்றாவது மனிதர் கையிலுள்ள கோலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆயினும் முதலாமவரை மறந்துவிட்டு மூன்றாமவரைப் பற்றிப் பேசுதல் நமக்கு இயலாது என்பதையும் முன்னரே சொல்லி வைக்கிறோம்.

அக்கோல் பார்வைக்கு அற்பமானது. ஒன்றரைச் சாண் முதல் இரண்டு சாண் நீளம்; ஒரு முனையில் தக்கையாலோ மரத்தாலோ ஆன பிடி; மறுமுனை ஊசிபோல் மெலிந்து வெண்மையாயிருக்கும். கோஷ்டியிலுள்ள அத்தனை கருவிகளும் ஒலிக்க, ஒலியே இல்லாத கருவி அஃதொன்றே. அதன் வேலையோ பெரிது. ஒவ்வொரு தாள வட்டத்தின் முதலடியும் மேலிருந்து கீழே விழுகிறது. நான்கடித் தாளமாயின் கீழே, இடப்புறம், வலப்புறம், மேலே என்று கோலின் முனை காற்றில் வரைகிறது. நடைப்பாட்டாயின் இரண்டே அசைவு, கீழும் மேலும். நிமிஷத்திற்கு ஏறத்தாழ 120 அடி. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. முதலொலி எழுமுன் கோல் ஒருமுறை மெல்ல உயர்கிறது. அவ்வுயர்வைப் பார்த்தே எக்காளம் ஊதுவோர் மூச்சை உள்ளிழுக்கின்றனர். எவ்வளவு விரைவாய் உயர்ந்ததோ அவ்விரைவே பாட்டின் விரைவாகிறது. ஐம்பது பேர் ஒரே நொடியில் மூச்சிழுப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

கேலாங் சாலை தொடங்கும் புறத்தில் 1930-களின் நடுவில் எழுந்த ‘ஹேப்பி வேர்ல்டு’ கேளிக்கைத் தலத்தை நகரவாசிகள் அறிவர். 1960-களில் ‘கே வேர்ல்டு’ எனப் பெயர் மாறி 2000-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. மல்யுத்தமும் குத்துச் சண்டையும் பங்சாவான் நாடகமும் நடன மண்டபமும் ஒரே வேலிக்குள் அடங்கியிருந்த அவ்விடத்தில் வாத்தியக் கோஷ்டிகள் வாசித்தன. அக்காலத்து மலாயாவில் மேனாட்டு வாத்தியம் வாசித்தவருள் மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோக்கள் மிகப் பலர். வெள்ளையர் கிளப்பின் வாயிற்படியை மிதிக்கக் கூடாத தொழிலாளி, சில காசு கொடுத்து உள்ளே போய் மேனாட்டு வாத்தியத்தை வெள்ளையரல்லாதார் வாசிக்கக் கேட்கக் கூடிய இடம் இத்தகைய தலங்களே.

நிற்க. இக்கோல் ஐரோப்பாவில் பிறந்த கதை தடியிலிருந்தே தொடங்குகிறது. பதினான்காம் லூயி மன்னனின் சங்கீதத் தலைவர் லுல்லி என்பார், இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் 1632-ல் மாவரைப்பவர் ஒருவருக்குப் பிறந்தவர். பிரான்சில் இசை நாடகம் நடத்தும் ஏகபோக உரிமையை 1672-ல் அரசனிடம் பெற்றவர். கனத்த நெடுந்தடி ஒன்றைத் தரையில் இடித்துத் தாளங்காட்டுதல் அக்கால வழக்கம். 1687 ஜனவரியில், மன்னன் நோய் நீங்கியதற்காக நன்றிப் பாட்டொன்றை நடத்துகையில் அத்தடி தவறி அவர் கால்விரலில் விழுந்தது. புண் அழுகிற்று. விரலை வெட்ட அவர் இசைந்திலர். மார்ச்சு 22-ல் மாண்டார். தாளத் தடிக்கு உயிரைக் கொடுத்த சங்கீதக்காரர் இவர். அவருக்குப் பின்னும் பாரிஸ் இசையரங்கில் தடியோசை ஓயவில்லை. பாட்டை விடத் தடியே பலமாய்க் கேட்கிறதென்று ரூஸோ குறைகூறினார். மனிதர் பிறப்புரிமை பேசிய அதே ரூஸோதான்.

தடி சிறுத்துக் கோலாகி ஓசையற்றுப் போனது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் முதல் பிடில்காரர் தம் வில்லை அசைத்தோ, விசைப்பெட்டி வாசிப்பவர் தலையை அசைத்தோ, அல்லது சுருட்டிய காகிதத்தைக் கொண்டோ கோஷ்டியை நடத்தினர். கோஷ்டி பெருகப் பெருக அது போதவில்லை. 1817-ல் டிரெஸ்டன் நகரில் வேபர் கோல் பிடித்தார். 1820-ல் லண்டனில் தாம் சட்டைப் பையிலிருந்து கோலை எடுத்தபோது சங்கத்து நிர்வாகிகள் திகைத்தனர் என்று ஸ்போர் எழுதி வைத்தார். ஒத்திகையில் மட்டும் எடுத்தாரா, கச்சேரியிலும் எடுத்தாரா என்று ஆராய்ச்சியாளர் இன்னும் வாதிக்கின்றனர். 1843-ல் லைப்சிக் நகரில் மெண்டல்சானும் பெர்லியோஸும் தத்தம் கோலை மாற்றிக் கொண்டனர். மெண்டல்சானுடையது மெல்லியது, அழகியது. பெர்லியோஸ் அனுப்பியதோ முரட்டுக் கட்டை. அமெரிக்கச் செவ்விந்தியத் தலைவர் இருவர் கோடரி மாற்றிக் கொள்வதுபோல் வேடிக்கையாய் ஒரு கடிதமும் உடன் எழுதினார். ஜூலியன் என்றொருவர் லண்டனில் இரத்தினம் பதித்த கோலைப் பிடித்ததும், பீத்தோவன் இசையைத் தொடுமுன் வெள்ளித் தட்டில் வெள்ளைக் கையுறை வரவழைத்ததும் ஆடம்பரக் கதைகள். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். கோல் நமக்குப் புதிதா? செங்கோல், துலாக்கோல், எழுதுகோல், அளவுகோல் என்று அரசும் வாணிபமும் கல்வியும் தச்சும் அனைத்தும் கோலாலேயே பேசுகின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இரண்டு கோல்கள் வருகின்றன. ஒன்று, மலையில் வளர்ந்த மூங்கிலில் இருபத்துநான்கு பெருவிரல் அளவாய் வெட்டிய அளவுகோல். அதனால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக ஆடரங்கம் அளக்கப்படுகிறது. மற்றொன்று தலைக்கோல். தோற்றோடிய பகையரசனுடைய வெண்குடையின் காம்பைக் கொண்டு, கணுக்களில் நவமணி பதித்துப் பொன்தகடு வேய்ந்து செய்வது. புனிதநீராட்டி மாலை சூட்டி, பட்டத்து யானையிடம் கொடுத்து, தேரை வலஞ்செய்து கவிஞனிடம் சேர்ப்பித்து, பின்னர் அரங்கில் வைக்கின்றனர். மாதவி ஆடி முடித்துத் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெறுகிறாள். பகைவன் குடைக்காம்பு ஆடுமகளுக்குப் பரிசாவது எத்தனை நேர்த்தியான கற்பனை! ஆனால் அடுத்த வரிகளிலேயே அவள் மாலை கடைத்தெருவில் விலைபேசப்படுகிறது என்பதையும் நாம் மறத்தல் தகாது.

தாளங்காட்டும் கோல் நம்மிடத்தில் நட்டுவனார் கையில் இருந்தது. மரப்பலகை மீது தட்டுக்கழியால் தட்டி அவர் ஆடலைக் கற்பித்தார். அரங்கில், ஒன்று இரும்பும் ஒன்று வெண்கலமுமான கைத்தாளங்களால் நடத்தினார். இங்கே சுவாரசியமான ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்றவர். மேனாட்டு வாத்தியங்களில் மோகமுள்ளவர். அவர் அரண்மனையில் ஐரோப்பிய முறைப் பாண்டு இருந்தது. அப்பாண்டின் இசையேடுகள் சரஸ்வதி மகாலில் உள்ளன. அதே அரண்மனையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் சதிர்க் கச்சேரியை இன்றைய ஒழுங்கிற்குக் கொண்டு வந்தனர். அவர்களுக்கு ஆசிரியரான முத்துசாமி தீட்சிதர், இளமையில் சென்னைக் கோட்டையில் பட்டாளத்துப் பாண்டைக் கேட்டவர். ஆங்கிலேய ராஜ வாழ்த்து மெட்டுக்குக் கூடச் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். அவை ‘நோட்டு ஸ்வரங்கள்’ எனப்படும். வடிவேலு பிடிலைக் கைக்கொண்டு திருவாங்கூர் சுவாதித் திருநாளிடம் 1834-ல் தந்தப் பிடில் பரிசு பெற்றார். பிடில் வந்தது, கிளாரினெட் வந்தது, மெட்டும் வந்தது. கோல் மாத்திரம் வரவில்லை.

ஏன் வரவில்லை? நமது சங்கீதத்தில் அனைவரும் ஒரே மெட்டைப் பின்பற்றுகின்றனர். பாடுபவர் தம் தொடையிலே தாளம் போடுகிறார். முன்வரிசையில் இருப்பவரும் போடுகிறார். கற்பனை ஸ்வரம் எங்கே முடியுமென்று பாடகருக்கே முன்கூட்டித் தெரியாதபோது கோல்காரர் எதைக் காட்டுவது? ஐரோப்பியக் கோஷ்டியிலோ ஒவ்வொருவர் ஏட்டிலும் வெவ்வேறு வரி எழுதியிருக்கிறது. ஒருவர் ஏடு மற்றொருவருக்குத் தெரியாது. எல்லா ஏடுகளையும் ஒருங்கே பார்ப்பவர் கோல் பிடித்தவர் ஒருவரே. ஆகவே எழுத்து இல்லாத இடத்தில் கோலுக்கு வேலையில்லை. இது உயர்வு தாழ்வன்று, தேவையின் வேற்றுமை. அகில இந்திய வானொலி 1952-ல் வாத்திய விருந்தா என்னும் கோஷ்டியை அமைத்தபோது, கர்நாடகக் கருவிகளுக்கும் எழுதிய ஏடு வந்தது. ஏட்டோடு கோல்காரரும் வந்தார். அந்தக் கோஷ்டியை நடத்தியவருள் டி. கே. ஜெயராம ஐயர் ஒருவர்.

நட்டுவனாரின் கோலுக்கு நேர்ந்ததும் சொல்லத் தக்கது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். அந்தக் குலத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தத் தம்மையார் மேடையில் போராடினார். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் நிறைவேறிற்று. அது நிறைவேறியது நன்று. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில், அதே ஆடல் பரத நாட்டியமென்ற பெயரோடு மேற்குலத்தார் வீட்டு மண்டபங்களிற் குடியேறிற்று. ருக்மிணி தேவியார் 1935-ல் மேடையேறியதும் 1936-ல் கலாக்ஷேத்திரம் அமைந்ததும் யாவரும் அறிந்தவை. ஆடுபவர் பின்னே நின்று அடியெடுத்து நகர்ந்த நட்டுவனாரும் வாத்தியக்காரரும், அப்புதிய அரங்கில் ஒருபுறமாய் உட்கார வைக்கப்பட்டனர். பின்னர்க் கைத்தாளமும் வேறு கைகளுக்குப் போயிற்று. பழியைச் சுமந்த குலத்தார் பழியோடு கலையையும் இழந்தனர்; பழியற்றவர் கலையை மட்டும் பெற்றனர். சீர்திருத்தக்காரராகிய நாம் இக்கணக்கைச் சரியாய் எழுதி வைத்தல் கடன்.

பறையின் குச்சிகளையும் இவ்விடத்திலேயே சொல்லி விடுவோம். வலக்கையில் குட்டையும் தடிப்புமான அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சி. தடித்தது தாளத்தின் உடலையும், மெலிந்தது அதன் நுட்பத்தையும் தரும். பறையரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள், அவர்கள் கையிலிருந்த அக்குச்சிகளைச் சாவுக்கும் ஊர்ச் சாட்டுக்கும் மட்டும் உள்ளே அழைத்தனர். சாட்டுக் கேட்கக் காது வேண்டும், அடித்தவரைத் தீண்டக் கூடாது! இந்நாளில் திண்டுக்கல் ‘சக்தி’ கலைக்குழுவில் பெண்களே பறையை ஏந்தி மேடையேறுகின்றனர்.

இனித் தோட்டம். நம் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை வரிசையாய் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்திற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். இச்சொல் ‘பரேட்’ என்னும் ஆங்கிலப் பட்டாளச் சொல்லின் திரிபே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குத் தப்படித்து எழுப்புவர். ஆக, அணிவகுப்பு நம்மவருக்குப் புதிதன்று. வரிசை இருந்தது, கட்டளை இருந்தது, முன்னே ஒருவர் கையில் தடியும் இருந்தது. இல்லாதது இசை ஒன்றே. அங்கே நின்றவர் எவருக்காக மூச்சிழுத்தார்? செக்ரோலில் பெயர்க்கு நேரே அன்றைக்கு ஒரு கோடு விழுவதற்காக. அப்புத்தகத்தை எழுதும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கிராணி வகுப்பாராகிய நமக்கு இது நன்றாய்த் தெரியும். 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியுயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமென்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. பட்டாளம் வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர்.

அடுத்த இரண்டாண்டுக்குள் அதே தொழிலாளருள் பல்லாயிரவர் வேறொரு வரிசையில் நின்றனர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 17-ல் பேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்கள் ஒப்படைக்கப்பட்டனர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பாடாங்கில் இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்டார். அக்டோபர் 21-ல் கேத்தே மண்டபத்தில் ஆசாத் ஹிந்து சர்க்காரைப் பிரகடனஞ் செய்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. பொதுமக்களிலிருந்து சேர்ந்தவருள் மிகுதியானோர் மலாயாத் தமிழர்; அவருள்ளும் தோட்டத்தார் பலர். இப்படைக்குச் சங்கீதம் அமைத்தவர் கேப்டன் ராம் சிங் தாகூரி. 1914-ல் தரம்சாலாப் பக்கத்திற் பிறந்த கூர்க்கர். பிரிட்டிஷ் கூர்க்காப் பட்டாளத்தில் பாண்டு பயின்றவர். சிங்கப்பூரில் சிறைப்பட்டு விடுதலைப் படையிற் சேர்ந்தவர். போஸ் அவருக்கு ஒரு பிடில் கொடுத்தார். படையின் நடைப்பாட்டு மெட்டு அவருடையது. தாகூர் பாடலைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதப்பட்ட தேசிய கீதத்திற்கு வாத்திய அமைப்பும் அவருடையதே.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கிறோம். கட்டளைகள் இந்துஸ்தானியில், பாட்டு இந்துஸ்தானியில். தோட்டத் தமிழருள் பலருக்குச் சொல் விளங்கியிராது. ஆனால் இரண்டடித் தாளம் விளங்கிற்று. கால் தானே எழுந்தது. வெள்ளையர் பட்டாளத்தில் கூர்க்கர் கற்ற மேனாட்டுக் கோல் வித்தை, வெள்ளையர் ஆட்சிக்கு எதிராய்த் தமிழ்க் கால்களை நடத்தியது. போர் தோற்றது. ஜப்பானியருடன் கூடியது சரியா என்ற விவாதம் வேறு; சயாம் மரண ரயில் பாதையில் எலும்பாகிப் போன பல்லாயிரம் தமிழரை நினைக்கும் எவரும் அதை இலேசாய்த் தீர்த்துவிட மாட்டார். எனினும் அணிவகுத்து நடந்தவர் மறுபடி பெரட்டுக்குத் திரும்பியபோது பழைய மனிதராய்த் திரும்பவில்லை. 1946, 1947-ல் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து அணிவகுத்தது. அவ்வரிசை நேராய் இருந்ததே அதிகாரிகளை அச்சுறுத்திற்று. 1947 தொடக்கத்தில் போலீசார் அதன்மீது பாய்ந்தனர். ராம் சிங் விடுதலைக்குப் பின் லக்னோவில் ஐக்கிய மாகாண ஆயுதப் போலீசின் பாண்டை நடத்தி, 2002-ல் மறைந்தார்.

அணிவகுப்புப் பாண்டில் இரண்டு கோல்கள் உண்டென்பதை இங்கே குறிக்க வேண்டும். முன்னே நடப்பவர் பிடிப்பது ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த குமிழ்த்தண்டு. அவர் முதுகு வாத்தியக்காரருக்கு, முகம் வீதிக்கு. தண்டை உயர்த்தினால் நடை, குறுக்கே பிடித்தால் நிறுத்தம். சிறு கோல் பிடிப்பவரோ சபைக்கு முதுகைக் காட்டித் தம்மவரையே பார்க்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்விரண்டும் பெருங்கலையாய் வளர்ந்திருக்கின்றன. அந்நாட்டுக் கடற்படைச் சிப்பாய்ப் பாண்டை 1880 முதல் 1892 வரை நடத்திய சூசா விடைபெற்றபோது, வாத்தியக்காரர்கள் தங்கள் செலவில் பெயர் பொறித்த கோலொன்றை அளித்தனர். அவர் மறைவுக்குப் பின் 1953-ல் அவர் புதல்வியர் அதை அப்பாண்டுக்கே திருப்பித் தந்தனர். அன்று தொட்டுத் தலைவர் மாறும்போதெல்லாம் அக்கோலே புதியவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. தலைக்கோலை அரசன் கொடுத்தான். இதை வாசித்தவர்கள் கொடுத்தார்கள்.

சிங்கப்பூர் 1965-ல் தனிநாடானதும் பள்ளிகளில் பாண்டுகளை வளர்க்க முனைந்தது. 1966 ஆகஸ்டு 9-ல் பாடாங்கில் நடந்த முதல் தேசிய தின அணிவகுப்பில் மாணவர் பாண்டுகள் நடந்தன. 1967-ல் இளையர் விழா தொடங்கிற்று. சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கோலைப் பார்த்து மூச்சிழுக்கப் பழகினர். எந்தச் சாதியென்று அங்கே எக்காளம் கேட்பதில்லை. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதே நகரில் 1973-ல், தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசித்தல் தடுக்கப்பட்டது. குழுக்களுக்குள் எழுந்த பூசலும் வீதியில் நேர்ந்த நெருக்கடியும் காரணமாய்ச் சொல்லப்பட்டன. காவடி எடுப்பதில் நமக்குள்ள கருத்து வேறு. அதை இப்பகுதியில் முன்பே பலர் எழுதியிருக்கின்றனர். வாத்தியத்தின் வழக்கு வேறு. சிராங்கூன் சாலையிலிருந்து டாங்க் சாலை வரை செல்லும் அவ்வூர்வலத்தில், ஹேஸ்டிங்ஸ் சாலை, ஷார்ட் தெரு, தோபிகாட் வெளி ஆகிய மூன்றிடங்களில் நின்று வாசிக்க 2016-ல் அனுமதி கிடைத்தது. பின்னர் விதிகள் இன்னும் சிறிது தளர்ந்தன.

அவ்வாத்தியங்களுள் உறுமிக்கு ஒரு வளைந்த கோல் உண்டு. வலப்புறத் தோலை ஒரு குச்சி அடிக்க, இடப்புறத் தோலை அவ்வளைகோல் அடிப்பதில்லை, அழுத்தித் தேய்க்கிறது. அதனாலேயே அந்த உறுமல் ஓசை. குழுவில் கோல்காட்டித் தலைவர் என்று தனியே ஒருவரும் இல்லை. நடை மாற வேண்டுமாயின் மூத்த உறுமிக்காரர் தலையைச் சற்றே நிமிர்த்துவார். மற்றவர் அதைப் பார்த்துக் கொள்வர்.